நீதி சொல்லாத கஸ்தூரி டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கோட்டையில் ஒரு சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் நுரை. அப்போது போன் அடித்தது. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் மல்லிகா.

"சார், கஸ்தூரி டீச்சர் போயிட்டாங்க சார்."

"எங்க போயிட்டாங்க? நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்குன்னு தெரியும்ல? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் மல்லிகா ஓவென்று அழுதார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. டீச்சர் விடிகாலையில் மார் வலிக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு சார், அந்தப் படம் காட்டுற டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதி மழித்த முகத்தோடுதான் துக்க வீட்டுக்குப் போனேன். டீச்சர் மட்டும் எழுந்து பார்த்திருந்தால் சிரித்தே இன்னொரு முறை செத்திருப்பார்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்த ஆசிரியர்களுக்குக் கஸ்தூரி டீச்சரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி. நான் தலைமையாசிரியர், மிச்சப் பள்ளிக்கூடம் முழுக்க அவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அவரிடம். படப் புத்தகத்தைக் கையில் எடுக்காமல் அவர் ஒரு நாள் பாடம் தொடங்கி நான் பார்த்ததில்லை.

போகும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நாளைக் காலையில் அந்தச் சின்னப் பிள்ளைகளிடம் இதை யார் சொல்வது? பள்ளியில் இருந்ததே இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருந்தவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் தெரியும், மிரட்டத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

அவர் மாறுதலாகி வந்த முதல் நாளே எங்களுக்குள் சண்டை. பள்ளிக்கு வந்திருந்த படப் புத்தகங்களை நான் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டாத குறையாகக் காத்து வந்தேன். அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே சாவி எங்கே என்பதுதான்.

"எதுக்கு டீச்சர்?"

"உள்ள யானை, புலியெல்லாம் கெடக்குதாமே சார். பட்டினி கெடந்து செத்துரப் போகுது."

"கிழிஞ்சுதுன்னா ஆடிட்ல யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். பிள்ளைக படிச்சுச்சு, கிழிஞ்சுச்சு. இதுல மறைக்க என்ன சார் இருக்கு?"

அன்று மதியமே ஒரு முதலையின் வால் தனியாக வந்துவிட்டது. நான் பிரம்பைத் தேடிக்கொண்டு போனேன். அங்கே கிழித்த பயல் உட்கார்ந்து, மல்லிகா கொடுத்த சோற்றுப் பருக்கையை நசுக்கி வாலை ஒட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், சத்தம் போடாதீங்க. முதலைக்கு ஆபரேசன் நடக்குது," என்றார் டீச்சர். புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆண்டுக்கணக்கில் பிரேயரில் முழங்கியிருக்கிறேன். அந்தப் பயல் அதற்கப்புறம் பக்கம் திருப்பியதைப் பார்க்க வேண்டுமே, அப்பளத்தைத் தூக்குவது போலத் தூக்குவான்.

அவர் வாசிக்கும் முறையே தனி. தரையில் சம்மணமிட்டு, படம் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி புத்தகத்தைக் கன்னத்தோரம் பிடித்துக்கொள்வார். எழுத்தைப் படிக்க அவர்தான் கழுத்தைத் திருப்ப வேண்டும். "இந்தப் பொண்ணு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, காத்திருப்பார். காத்திருப்பார் என்றால் சும்மா இல்லை. பக்கத்து வகுப்பில் நான் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிடுவேன், அவர் இன்னும் அதே பக்கத்தில் இருப்பார். கடைசியில் நீதி மட்டும் சொல்லவே மாட்டார். எனக்கோ நீதி சொல்லாத கதை உப்பில்லாத கூழ். ஒரு நாள் தாங்காமல் கேட்டே விட்டேன்.

"நாம சொல்லிட்டா அது நம்ம நீதியாப் போயிரும் சார். அத அவங்க எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?" என்றார்.

இதில் பெரிய கூத்து, மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று நடந்தது. அன்றைக்குப் பார்த்துப் பஸ்ஸில் ஏற ஆசைப்படும் யானையின் கதை. உள்ளே இருக்கிறவர்கள் ஆளாளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார, கடைசியில் யானைக்கும் இடம் கிடைத்துவிடும். வாசித்து முடித்ததும் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கதையால் நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

"யானை ஏறுனா டயர் பஞ்சராயிரும் சார்," என்றான் ஒருவன்.

"அது பொம்பள யானையா இருந்தா டிக்கெட் எடுக்க வேணாம் சார்," என்றாள் யாழினி. அப்போது ஒன்றாம் வகுப்பு.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த உலக வரைபடத்தைப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருப்பதை யாழினி கவனித்திருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையை இடித்து நகர்த்திவிட்டுப் பாயைத் தட்டி, "சார், இங்கிட்டு எடம் இருக்கு. வாங்க, ஒக்காருங்க," என்றாள். உடனே வரிசை முழுக்க ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்தது. அந்த மனிதர் பாவம், இஸ்திரி கலையாத பேண்ட்டோடு பாயில் உட்கார்ந்தார். டீச்சர் என் காதருகே வந்து, "நீதி எங்கன்னு கேட்டாரே சார், அது மேலதான ஒக்காந்திருக்காரு," என்றார். சிரிப்பை அடக்க நான் வராண்டாவுக்கு ஓடினேன். அதிகாரி அன்று எங்கள் பள்ளியைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதிவிட்டுப் போனார்.

எல்லா நாளும் இப்படித் தப்பிக்க முடியுமா? கிளிக் கதையால் ஊரே இரண்டுபட்டது. ஒரு சிறுமி கூண்டைத் திறந்து கிளியை விட்டுவிடுகிறாள், கதை அவ்வளவுதான். யாழினி வீட்டில் ஒரு ஜல்லிக்கட்டு மாடு உண்டு. மறுநாள் காலை அவள் அதை அவிழ்த்து விட்டுவிட்டாள். அது பறக்கவா போகிறது? நேரே பக்கத்து வீட்டுக்காரரின் கடலைக்கொல்லைக்குப் போய்விட்டது. அவளுடைய அப்பா செல்வம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க சார் அந்த டீச்சரு? வாடியில எவன் கையிலயும் சிக்காத மாடு! இந்தப் புள்ள அவுத்து விட்டு, கொல்லையில பாதியத் தின்னுருச்சு. என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க இங்க?"

"வாங்க, ஒக்காருங்க. நான் ஒண்ணுமே சொல்லலீங்க, படத்தத்தான் காட்டுனேன். நீங்களும் பாருங்க," என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார் டீச்சர்.

செல்வம் குற்றத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் காலிக் கூண்டு. ஜன்னலோரம் அந்தச் சிறுமி. பின்அட்டையையும் புரட்டிப் பார்த்தார்.

"கிளி திரும்பி வரலையா டீச்சர்?"

"தெரியலீங்களே. புத்தகம் அம்புட்டுத்தான்."

"அதெப்படி? அந்தப் புள்ள காத்துக்கிட்டு நிக்கிதுல்ல?"

"ஒங்க மகளும் அதத்தான் கேட்டா. மாட்ட அவுத்து விட்டது, அது தானாத் திரும்பி வருதான்னு பாக்கத்தானாம். அதுக்குள்ள நீங்க போயிப் புடிச்சுக்கிட்டு வந்துட்டீங்க."

செல்வத்துக்கு மடித்த வேட்டி தானாக இறங்கிவிட்டது. அடுத்த வாரம் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறேன் என்றார். மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று டீச்சர் கேட்டார்.

"இல்லீங்க. தூங்குறப்பதான் கெளம்பிப் போறது. முழிச்சிருந்தா அழுகும்."

"அழட்டுங்க. சொல்லாமப் போனா, தெருவுல ஆட்டோ சத்தம் கேக்குறப்பல்லாம் ஓடி வந்து பாப்பா. அது அழுகுறத விடக் கொடும."

செல்வம் சொல்லிவிட்டுத்தான் போனார். யாழினி இரண்டு நாள் பள்ளிக்கூடம் அதிர அழுதாள். மூன்றாம் நாள் வந்து, "எங்கப்பா தீவாளிக்கு வாராரு, அதுவரைக்கும் நாந்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று என்னிடமே அதிகாரமாகச் சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம் டீச்சரை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவருடைய கணவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பிள்ளைங்க தேடும் சார், நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க." உள்ளே முழுக்கப் படப் புத்தகங்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் ஒன்றை உருவினார். அவர் தோளுக்கு மேல் இன்னொருவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பந்தலில் பாதிப் பேர் கையில் முயலும் கரடியும். கொட்டுக்காரர் ஒருவர், "இந்த நரி இப்ப எங்க ஓடுது?" என்று என்னிடம் விசாரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவருக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனால், ஊர் எனக்கு முன்னாலேயே வேலையை முடித்து வைத்திருந்தது. பிள்ளைகள் அழக்கூடாது என்று வீட்டுக்கு வீடு ஒரு பொய் சொல்லியிருந்தார்கள். பேசி வைத்துக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்கள். ஒருத்திக்கு டீச்சர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார். ஒருவனுக்கு டிரான்ஸ்பர். யாழினியிடம் அவளுடைய அம்மா சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த தூரம் அதுதான். பிரேயருக்கு வரிசையில் நின்றபோதே பிள்ளைகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"சார், எது உண்மை?" என்று யாழினி கேட்டாள். இப்போது மூன்றாம் வகுப்பு.

மல்லிகா சமையலறை வாசலில் நின்று, "ஊருக்கே போனதா இருக்கட்டும் சார், பிஞ்சுக சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்தது. டீச்சர் தினமும் வந்து இறங்கும் பஸ். வரிசை கலைந்து அத்தனை பிள்ளைகளும் கேட்டுக்கு ஓடினார்கள். யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. மெதுவாகத் திரும்பி வந்தார்கள். நாளைக்கும் பஸ் வரும், அதற்கு மறுநாளும் வரும் என்று நினைத்ததும், நாக்கு நுனியில் நின்றதை விழுங்கிவிட்டேன்.

எல்லாரையும் வகுப்பில் உட்காரவைத்தேன். என் முழங்கால் முனக முனக நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சர் செத்துப்போயிட்டாங்க," என்றேன்.

 நீட்டி முழக்கி ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான்.

"வலிச்சுச்சா சார்?"

"கொஞ்ச நேரம் வலிச்சுச்சு."

"சிங்கப்பூர்லயும் இல்லையா?"

"இல்லம்மா. எங்கயும் இல்ல. இனிமே வர மாட்டாங்க."

முன்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அது அப்படியே பின்வரிசை வரை போயிற்று. "ஏய், சாரும் அழுகுறாருடா," என்று ஒருவன் அழுகையோடு ஆச்சரியப்பட்டான். ஆமாம், அழுதேன். ஞாயிறு காலையிலிருந்து சேர்த்து வைத்ததை அங்கேதான் கொட்டினேன். யாழினி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் செத்துப்போவீங்களா சார்?"

"ஆமா."

"எப்ப?"

"தெரியாதும்மா."

"ரிட்டையராகுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடின்னுதான் நெனைக்கிறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து வந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "சரி. அப்ப இதப் படிங்க."

படித்தேன். இப்போது தினமும் படிக்கிறேன். கழுத்துச் சுளுக்கிக்கொள்கிறது, திருநீலகண்டத் தைலம் தடவிக்கொள்கிறேன். கஸ்தூரி டீச்சரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளிடம் உண்மை சொல்ல எனக்கு இன்னமும் பயம்தான். பயந்துகொண்டே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு எழுந்து போகாமல், அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.