நின்ஃபா கேட்ட மாவு

உப்பு ஜாடியைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள் நின்ஃபா. ஒரு கல்லும் விழவில்லை. பருப்பு சூப்பை அப்படியே இறக்கிக் கணவர் முன்னால் வைக்கிறாள். கடைகள் மூடிக் கிடக்கும் மதியம். ஆனால் தெருவில் அத்தனை வீட்டு ஜன்னல்களும் திறந்துதான் இருக்கின்றன. காஸ்பரே ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார், பிறகு மனைவியைப் பார்க்கிறார்.

"எதிர் வீட்டுல ஒரு கை உப்பு இருக்காதா?"

"டாக்டர்தான் உப்பக் கொறைக்கச் சொன்னாரே. பேசாமச் சாப்பிடுங்க."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடங்களில் அவர் குடித்த உப்பில்லாத சூப்பை எல்லாம் சேர்த்து ஊற்றினால் சாலேமி ஊர்க் குளம் நிரம்பும். கொடுப்பதற்கு நின்ஃபாவின் கை நீளம்தான். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் பாத்திரம் அவளுடையதாக இருக்கும். கேட்பது மட்டும் ஆகாது. "என் வாய் கேக்கறதுக்குன்னு படைச்சதில்ல" என்பாள், ஏதோ பெரிய பதவியைச் சொல்வது போல.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அவள் வீட்டில் தங்க மாட்டாள். பத்தொன்பதாம் தேதி இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் திருநாள். நேர்ச்சை செய்துகொண்ட வீடுகளில் மரச்சட்டம் கட்டி, பிரிஞ்சி இலைக் கொப்புகளால் மூடி, எலுமிச்சையும் ஆரஞ்சும் தொங்கவிட்டுப் பந்தல் போடுவார்கள். அதில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ரொட்டிகள் தொங்கும்: சூரியன், நிலா, மீன், திராட்சைக் குலை, சூசையப்பர் தச்சர் என்பதால் சுத்தியல், ஏணி. அந்த ரொட்டிகளுக்கு உருவம் கொடுக்கத்தான் நின்ஃபாவைக் கூப்பிடுகிறார்கள். ஒரு துணிப்பையோடு போவாள். உள்ளே காஸ்பரேயின் பழைய சீப்பு, நகம் வெட்டும் கத்தரி, தைக்கும்போது விரலில் மாட்டும் உலோகத் தொப்பி, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. மீனுக்குச் செதில் சாவியால் வரும். மயில் தோகையின் கண்கள் விரல் தொப்பியால் வரும். முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்துப் பூசி அடுப்பில் வைத்துவிட்டால், அது வெந்து வரும்வரை யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. பேசினால் ரொட்டி வெடிக்கும் என்பது அவள் கட்சி. இன்றுவரை யாரும் பேசிப் பார்க்கவில்லை.

அவளுடைய மயிலுக்கு ஊரில் இணை கிடையாது. எதிர்வீட்டு லிபோரியாவின் கோலுக்கும்தான். சூசையப்பர் கைக்கோலும் அதில் பூத்த லில்லியும் செய்ய லிபோரியாவை விட்டால் ஆள் இல்லை. அவரவர் வேலையோடு நின்றிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் லிபோரியாவும் ஒரு மயில் செய்தாள். ரொட்டிக்கடையில் இருபது பேர் நிற்கும்போது நின்ஃபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. அவிச்ச கோழி இவ்ளோ தத்ரூபமா எனக்கு வராது" என்றாள். கடையே சிரித்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தெருவின் அகலம் ஆறு அடி. இரண்டு ஜன்னலிலிருந்தும் எட்டிக் கை நீட்டினால் விரல்கள் தொடும்.

போன அக்டோபரில் காஸ்பரே ஒலிவ மரத்தில் ஏறியவர் கிளையோடு கீழே வந்தார். இடுப்பெலும்பு போய்விட்டது. நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது நின்ஃபா அழவில்லை. நேரே கோவிலுக்குப் போய், "இவர் எழுந்து நடந்தா என் வீட்டுல பந்தல் போடறேன்" என்று சூசையப்பரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஜனவரியில் காஸ்பரே கம்பை ஊன்றி நடந்தார். பிப்ரவரியில் கம்பை மூலையில் சாத்தினார். அதற்குப் பிறகுதான் நின்ஃபா தன் தெரு வீடுகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏனென்றால் பந்தல் போடுகிறவள், எவ்வளவு வசதியானவளாக இருந்தாலும், மாவைத் தன் தெருவில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது. தாண்டினால் நேர்ச்சை சேராது. போன வருடம் மருந்துக்கடைக்காரர் மனைவி ஒரு வீட்டை விட்டுவிட்டாள் என்று அவளைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியதே நின்ஃபாதான்.

"நேர்ச்சைய மனசுல வெச்சுக்கிட்டு நாலு மெழுகுவத்தி ஏத்திடேன்" என்றார் காஸ்பரே, பாவம் பார்த்து.

"உங்க இடுப்பு மெழுகுவத்திக்கா கூடுச்சு?"

மார்ச் பிறந்ததும் ஒரு நாள் காலை சலவை செய்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில் வானிலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். வந்த காரியத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரிதான் புரிந்துகொண்டு மாவை எடுத்து வந்தாள். இரண்டாவது வீட்டில், "சூசையப்பர் பேரால..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே முகம் சிவந்து நின்றாள். ஏழாவது வீட்டுக்கு வந்தபோது வார்த்தை வந்துவிட்டது. வெட்கம் மட்டும் போகவில்லை. பதினான்கு வீடுகள் முடிந்தன. மிச்சம் ஒன்று. அந்தக் கதவைத் தாண்டி மேலே நடந்தாள், திரும்பிக் கீழே நடந்தாள். மாடி ஜன்னலிலிருந்து காஸ்பரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் கால்களில் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"சூசையப்பர் பேரால ஒரு கை மாவு."

 உள்ளிருந்து லிபோரியாவின் குரல் ராகம் போட்டு வந்தது. "இங்க எடமில்ல. வேற வீட்டப் பாருங்க."

நின்ஃபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி ஒரு அடி வைத்தவள் நின்றாள். திருநாளன்று மூன்று குழந்தைகள் சூசையப்பராகவும் மாதாவாகவும் இயேசுவாகவும் வந்து பந்தல் வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து சொல்லும் வார்த்தை அல்லவா அது! இரண்டு முறை விரட்டிவிட்டு மூன்றாவது முறைதான் திறப்பார்கள். மறுபடி தட்டினாள்.

"எடமில்லன்னு சொன்னேனே."

மூன்றாம் முறை கொஞ்சம் ஓங்கியே தட்டினாள். கதவு திறந்தது. லிபோரியா கையில் மாவுச் சட்டியோடு தயாராக நின்றிருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்க வேண்டும், கை சோர்ந்து போயிருந்தது.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்க. மூணு தட்டுகூட தட்ட மாட்டியா?"

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு, லிபோரியா."

"தப்பு இல்லடி. கோழி மாதிரிதான் இருந்துச்சு. அத நீ என் வீட்டுல வந்து சொல்லியிருக்கலாம்." ஏப்ரனில் ஒரு கை மாவைப் போட்டாள். "இது உன் மயிலுக்கு." இன்னொரு கை போட்டாள். "இதுல எனக்கு ஒரு கோழி செஞ்சு தொங்கவிடு. அவிச்சது."

"அவிச்சத ரொட்டில எப்படிடி காட்டறது?"

"எனக்கு வந்துச்சே."

நின்ஃபா சிரித்த சிரிப்பில் ஏப்ரனிலிருந்து மாவு பறந்து இருவர் முகத்திலும் படிந்தது. சிரிப்பு முடியும்போது அவள் கண் நிறைந்திருந்தது. அதற்கும் மாவைத்தான் குற்றம் சொன்னாள்.

திருநாளன்று பந்தலின் நடுவில் லிபோரியா செய்த கோல் நின்றது, பக்கத்தில் மயில், மயிலுக்கு அடியில் இறகே இல்லாத ஒரு கோழி. பாதிரியார் அதைப் பார்த்து என்ன அர்த்தம் என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு புனிதரின் பெயரைச் சொல்லிச் சமாளித்தார்கள்.

மறுநாள் மதியம் அடுப்பில் பருப்பு சூப்பு கொதிக்கிறது. அலமாரியில் உப்பு ஜாடி கழுத்துவரை நிறைந்திருக்கிறது. காஸ்பரே காலையில்தான் வாங்கி வந்து நிரப்பினார். நின்ஃபா அதைப் பார்க்கிறாள். பிறகு காலிக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தெருவின் ஆறடியைக் கடந்து, எதிர்வீட்டுக் கதவை மூன்று முறை தட்டுகிறாள்.