புத்தகத்துக்கு யார் சொன்னது?

ஜெசிந்தாவுக்குச் சொந்த ஊர் அனுப்பம்பட்டு. அப்பா கொத்தனார். வீட்டில் யாருக்கும் மீன்பிடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். கறுப்புக் கோட்டு பேருக்குத்தான். முக்கால்வாசி நேரம் தடித்தடிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுவதே வேலை. எனக்கும் அவளுக்கும் ஒரே மேசை. எதுவும் பிடிபடாவிட்டால் பேனா மூடியைக் கடிப்பாள். குணசுந்தரி வந்துபோன வாரம் என் பேனா மூடியும் போயிற்று.

குணசுந்தரி ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்று அங்கே சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அவள் புருஷன் பச்சைமுத்து இறந்ததும் அவன் பேரை எடுத்துவிட்டார்கள். ஆள் வைத்துப் படகு விடுகிறேன், என் பேரைப் போடுங்கள் என்றால், ஊர்த்தலைவர் ராஜவேலு மாட்டேன் என்கிறார். பாடு ஆம்பளைக்குத்தான் என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சீட்டு. அதில் பேர் வராவிட்டால் வருஷம் முழுக்க அவள் படகு கரையில்தான்.

ஜெசிந்தா தேடினாள். சட்டத்தில் பாடு என்ற சொல்லே இல்லை. ஊர் வழக்கத்துக்கு மதிப்பு உண்டு என்றது விளக்கவுரை. எது வழக்கம் என்று சட்ட அகராதியைக் கேட்டால், நிரூபிக்கப்பட்டதே வழக்கம் என்றது. நல்ல பதில்! மீனவர் உரிமை பற்றிய ஒரு புத்தகம், பாடு ஆண்களுக்கு மட்டுமே என்றது. இன்னும் இரண்டு புத்தகங்களும் அதையே சொல்லின.

"மூணு பேர் சொல்றாங்களே, நிஜமாத்தான் இருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

கடைசியில் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது புத்தகம் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது முதலாவதை. முதலாவதில் பொடி எழுத்தில் குப்பத்தின் பேர், பக்கத்தில், "தகவல்: ராஜவேலு, மீனவர்." எங்களுக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை குணசுந்தரியோடு குப்பத்துக்குப் போனோம். ராஜவேலு கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளைக்குப் பாடு இல்லனு யாருங்க சொன்னது?" என்றாள் ஜெசிந்தா.

"நானா சொல்றேன்? புக்குல போட்டுருக்குமா."

"புக்குக்கு யார் சொன்னது?"

அந்த அடிக்குறிப்பு இருந்த பக்கத்தை நீட்டினாள். கண்ணைச் சுருக்கிப் படித்தவர், தன் பேரை விரலால் தடவிப் பார்த்தார்.

"காலேஜ்லேந்து வந்தாங்க. ஏரிக்கு யார் போறதுனு கேட்டாங்க. ஆம்பளைங்கதான் போறோம்னேன். பொம்பளைக்கு இல்லனு நான் சொல்லவே இல்லியே!"

"அப்போ இங்க வழக்கம் இன்னாங்க?"

"தெரியலமா. அந்த புக்கு வர்றதுக்கு முன்னாடி எந்தப் பொம்பளையும் வந்து கேக்கல."

வலையைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது; ஆனால் கோபமும் வந்தது.

"குணா, நாளைக்கு உன் பேரைப் போடறேன்," என்றார். மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "உனக்கு முன்னாடி கோமளாவும் இதே மாதிரி பாடு வேணும்னு வந்து கேட்டாளே. அந்த புக்கைக் காட்டித்தானே இல்லனு அனுப்பினேன். அவ பேரையும் போடணும். இப்ப எங்க இருக்கா?"

"படகை வித்துட்டு மெட்ராஸ்ல வூட்டு வேலை செய்யறா மாமா," என்றாள் குணசுந்தரி.