பூவரசனின் கறுப்புப் பெட்டி

பூவரசனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தர்மபுரிப் பக்கம் காதணி விழா, கல்யாண வரவேற்பு, மாரியம்மன் பண்டிகை என்று எதற்காவது போயிருந்தால் அவன் வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் பாடுகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். பாடுகிறவள் நான், பெயர் ரோசம்மாள். கலைவாணன் நடத்துகிற இன்னிசைக் குழுவில் பல வருடமாகத் தொண்டையை விற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இடது பக்கம் நின்று பூவரசன் கீபோர்டு வாசித்தான். 'வாசித்தான்' என்று சொல்லும்படி ஆகிவிட்டதே என்ற எரிச்சலில்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

கடத்தூருக்கு வெளியே அவன் வீடு. அப்பா ஆண்டிக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு. பையனும் மண்வெட்டி பிடிப்பான் என்று நினைத்தார். அவனோ எங்கள் சர்ச்சில் மூலையில் கிடந்த பழைய கீபோர்டைத் தட்டித் தட்டித் தானாகவே கற்றுக்கொண்டான். இந்துப் பையனுக்குச் சர்ச்சில் என்ன வேலை என்று கேட்டவர்களே, கிறிஸ்துமஸ் வந்தால் அவனைத் தேடி ஆள் அனுப்பினார்கள். மாம்பழ சீசனில் கூழ் கம்பெனியில் வேலை, மற்ற நாளில் கச்சேரி. கட்டிக்கொண்ட ஐஸ்வர்யாவும் அதற்கு முகம் சுளிக்கவில்லை.

பெரிய வித்வான் என்று புளுகமாட்டேன். ஆனால் என் தொண்டையை அவன் அறிந்த மாதிரி என் வீட்டுக்காரர்கூட அறிந்ததில்லை. வேனை விட்டு இறங்கும்போது நான் இரண்டு தரம் செருமினால் போதும், அன்றைக்கு எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை இறக்கி வைத்துவிடுவான். நான் கேட்டதில்லை, அவனும் சொல்லிக்காட்டியதில்லை. கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. அக்கா நல்லாப் பாடறாங்க என்று கை தட்டிவிட்டுப் போவார்கள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பீக்கர், ஸ்டாண்டு, ஒயர்ச் சுருள் எல்லாம் முன்னால் லோடு வண்டியில் போய்விடும். ஆட்கள் பின்னால் வேனில். பூவரசனின் கீபோர்டு மட்டும் வேனில் வரும். அதற்கு ஒரு பை, ஐஸ்வர்யா பழைய மெத்தையைப் பிரித்துத் தைத்தது. பூப்போட்ட துணி, உள்ளே பஞ்சு, பார்த்தால் தூங்குகிற குழந்தையைச் சுற்றிய மாதிரி இருக்கும். அவன் சன்னலோரம் உட்கார்ந்து அதைத் தொடைமேல் சாய்த்துக்கொள்வான். மீதி நீளம் பக்கத்து சீட்டில். "பாத்து, பாத்து, கீபோர்டு" என்று எல்லோரும் காலை மடக்கிக்கொள்வோம். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அந்த இரண்டு சீட்டும் அவனுடையதுதான். அதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவனுக்குத்தான் அந்தப் பை பிடிக்காமல் போனது. ஒருதரம் கம்பைநல்லூரில் மேடைக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜிப்பும் பல்லைக் காட்டியது. கீபோர்டைச் சட்டைக்குள் வைக்காத குறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினான். அதைக்கூட மறந்திருப்பான். அடுத்து தர்மபுரியில் ஒரு மண்டபத்தில் நடந்ததை அவன் மறக்கவில்லை. சாயங்காலம் எங்கள் கச்சேரி, எங்களுக்குப் பிறகு பெங்களூர்க் குழு. அவர்கள் கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மண்டப மேனேஜர் முன்வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டார். எங்களைப் பார்த்தார், பூப்போட்ட பையைப் பார்த்தார்.

"மெத்த கொண்டாந்தவங்க எல்லாம் பின்னால சமையக்கட்டு வழியா வாங்க" என்றார்.

கேலிக்குச் சொன்னாரோ நிஜமாகவே மெத்தை என்று நினைத்தாரோ, பாத்திரம் கழுவிய தண்ணீரில் கால் வைத்து நடந்துதான் மேடைக்குப் போனோம். எனக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. பூவரசன் முகம் மட்டும் சிறுத்துவிட்டது. "அந்தப் பொட்டிதாங்க்கா. பொட்டியப் பாத்துதான் கதவத் தொறந்தான்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. முதலில் தர்மபுரியில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் தாவூது பாயிடம் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டான்.

"ஆம்னி பஸ் சீட்டுக்குப் போடற ஃபோமு போட்டுத் தர்றன் தம்பி. மேல ரெக்சினு. தோள்ல மாட்ட ரெண்டு பெல்ட்டு" என்றார் பாய்.

"மழ பேஞ்சா தாங்குமா பாய்?"

"மழையில எதுக்குத் தம்பி போயி நிக்கறீங்க?"

சேலத்தில் ஒரு கடையில் ரெடிமேட் பை இருந்தது. கம்பெனி எழுத்து பளபளவென்று இருந்தது, நீளம்தான் கூட. உள்ளே கீபோர்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி விளையாடியது. ரெண்டு பெட்ஷீட்டைச் சுருட்டித் திணிச்சிக்கங்க என்றான் கடைக்காரன். கலைவாணனிடம் யோசனை கேட்டால், "எதுக்குடா வீண் செலவு, போர்வையே போதும்" என்றான். தாவூதுக்குத் தையல் வேலை வேண்டும், கடைக்காரனுக்கு இருப்பைத் தள்ள வேண்டும், கலைவாணனுக்கு எவனும் அவனைவிட மேலாகத் தெரிந்துவிடக் கூடாது. பூவரசனுக்கு எது வேண்டும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அந்த முன்வாசல்.

கடைசியில் ஓசூர்ப் பட்டறையில் அளவு கொடுத்தான். பிளைவுட் பலகை, மேலே கறுப்புத் தகடு, ஓரமெல்லாம் அலுமினியம், மூலைக்கு மூலை இரும்புக் குமிழ், அடியில் சக்கரம். மலைச்சாலையில் துளியும் ஆடக் கூடாது என்று ஃபோமை இடைவெளியில்லாமல் இறுக்கமாக வெட்டச் சொன்னான். ஐஸ்வர்யா வளர்த்த வெள்ளாடுகளை விற்ற பணம் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

"நாம போற எடத்துல சக்கரம் உருளுமாடா? உழுத காட்டுல போயி உருட்டுவியா?" என்று கேட்டேன்.

"மண்டபத்துல உருளுங்க்கா."

பெட்டி வந்த அன்று குழுவே கூடிவிட்டது. கலைவாணன் விரலால் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் தாங்குமாடா?" என்று வாயைக் கிளறினான். பூவரசனுக்குப் பெருமை தாங்கவில்லை. காலிப் பெட்டியை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்றான். நின்றதோடு விட்டானா, இரண்டு குதி குதித்தான்.

"நாலு பேரு ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது. பாத்துக்கங்க" என்றான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான் கை தட்டினேன்.

அடுத்த கச்சேரிக்கே வேன் வாசலில் கலைவாணன் கையைக் குறுக்கே நீட்டினான். "அதான் கல்லு மாதிரி பொட்டி செஞ்சிட்டியே. லோடு வண்டில போட்டுடு. வேன்ல எடம் அடைக்குது." பூவரசன் என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பெட்டியைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. தானும் லோடு வண்டியில் ஏறி, ஸ்பீக்கர்களுக்கு நடுவே குந்திக்கொண்டான். அவனுடைய இரண்டு சீட்டில் கலைவாணனின் மச்சான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தான். செல்போனில் எங்களை வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவன் வேலை.

பூப்போட்ட பை இருந்த காலத்தில் அதன்மேல் ஒருவன் துண்டைக்கூடப் போட்டதில்லை. பெட்டி வந்ததும் அதன்மேல் உட்கார்ந்தார்கள், இலை போட்டுச் சாப்பிட்டார்கள், டீ டம்ளரை வைத்துவிட்டு வட்டம் வட்டமாகக் கறை விட்டுப் போனார்கள். பூவரசன் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைப்பான். "என்னடா, அதான் ஒண்ணும் ஆவாதுன்னியே" என்பார்கள். அவன் மறுபடி துணியை நனைப்பான். மண்டபங்களிலும் முன்வாசல் திறக்கவில்லை. லோடு வண்டி எந்த மண்டபத்தில் முன்வாசலுக்குப் போயிருக்கிறது?

"பேசாம அந்தப் பழைய பையிலயே கொண்டா" என்று ஒருநாள் சொன்னேன்.

"இவ்ளோ செஞ்சிட்டு எப்படிங்க்கா?" என்றான். ரோஷக்காரன்.

பென்னாகரத்தைத் தாண்டி ஒரு ஊரில் காதணி விழா. பகல் கச்சேரி, தலை கொதிக்கிற வெயில். டிராக்டர் டிரெய்லர் இரண்டைச் சேர்த்து நிறுத்தி, ஜமுக்காளம் விரித்து அதையே மேடையாக்கியிருந்தார்கள். ஏற ஏணி கிடையாது. பூவரசன் பெட்டியை இறக்கி டிரெய்லர் நிழலில் வைத்தான். திறக்கப் போனவனை, "லோடு வண்டிலதான வந்த, ஸ்பீக்கருக்கு ஒரு கை புடி" என்று கலைவாணன் கூப்பிட்டான். போனான். குழுவில் வாத்தியக்காரனாகச் சேர்ந்தவன் அதற்குள் சுமைதூக்கியும் ஆகியிருந்தான்.

அந்த நேரத்தில் தாய்மாமன்கள் சீர்த்தட்டோடு வந்துவிட்டார்கள். மேளம், வேட்டு, பெண்டுகள் கூட்டம். மாமன்மார்களை மேடையில் ஏற்றித் துண்டு போர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை போய்விடும். கனத்த மனிதர்கள், டிரெய்லர்மேல் கால் எட்டவில்லை. கலைவாணன் சுற்றும்முற்றும் பார்த்தான். பெட்டியைக் காலால் தள்ளி மேடையோடு ஒட்டினான்.

இன்னும் இணைப்புக் கொடுக்காத மைக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். "ஏங்க, உள்ள கீபோர்டு கீபோர்டு" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் என் தொண்டை எடுபடவில்லை.

"இதுல காலு வெச்சி ஏறுங்க மாமா. நாலு பேரு ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது" என்றான் கலைவாணன். வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னான்.

பெரிய மாமன் ஏறினார், சின்ன மாமன் ஏறினார், பங்காளிகள் ஏறினார்கள். ஏறியவர்கள் அதன்மேலேயே குதித்து இறங்கினார்கள். பூவரசன் ஸ்பீக்கரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் பார்த்துவிட்டான். ஸ்பீக்கரைப் போடவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை, அப்படியே நின்றான்.

பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. ஓசூர்க்காரன் நன்றாகத்தான் செய்திருந்தான். மூடி மட்டும் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே அழுந்தி அழுந்தி வந்திருக்கிறது. இறுக்கமாக வெட்டிய ஃபோம், விலக இடம் ஏது? திறந்தபோது திரை கறுத்துப்போய், நடுக்கட்டைகள் உள்ளே இறங்கிக் கிடந்தன. சுவிட்சைப் போட்டான், விளக்கே வரவில்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

கலைவாணன் அசரவில்லை. லேப்டாப்பை எடுத்தான். பாட்டில்லாமல் இசை மட்டும் பதிந்த டிராக்குகள் அதில் இருந்தன. "நான் இதுல ஓட்டிக்கறன். நீ வாசிக்கற மாதிரி சும்மா நில்லு. எடம் காலியா இருந்தா நல்லாருக்காது" என்றான்.

பூவரசன் நின்றான். செத்த கீபோர்டின்மேல் விரலை ஓட்டினான். குழிந்துபோன கட்டைகள்மேலும் தவறாமல் சரியான விரலையே வைத்தான், எனக்குத் தெரியும். அன்றைக்கு என் தொண்டை கட்டியிருந்தது. வழக்கம்போல் செருமினேன். அவன் கை தன்னையறியாமல் சுருதி இறக்கும் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. டிராக் அதன்பாட்டுக்கு மேல் கட்டையில் போயிற்று, நான் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாட்டு முடிந்ததும் சின்ன மாமன் மேடையேறி வந்து, பிரமாதம் என்று பூவரசன் சட்டையில் ஒரு நோட்டைக் குத்திவிட்டுப் போனார். அதுவும் பெட்டிமேல் கால் வைத்து ஏறித்தான். அவன் அதைக் கழற்றவே இல்லை. ஊர் திரும்பும்வரை அது சட்டையிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

பழுது பார்க்கிறவன், பழைய மாடல், சாமான் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டான். கலைவாணனோ ஒரு பகல் கச்சேரியில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான், கீபோர்டு இல்லாவிட்டாலும் கை தட்டுகிறார்கள் என்று. அடுத்த கச்சேரிக்குப் பூவரசனுக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. மாம்பழ சீசனும் முடிந்திருந்தது. அவன் அப்பாவின் மரவள்ளிக் காட்டில் இறங்கினான்.

பிறகு போன் வந்தது. நான் அன்றைக்கு அவன் வீட்டில்தான் இருந்தேன். கலைவாணன் பெயரைப் பார்த்ததும் மண்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பூவரசா, அந்தப் பொட்டி சும்மாதான கெடக்குது? சவுண்டு மிக்சரு, லேப்டாப்பு வெக்கத் தோதா இருக்கும். மச்சான் வருவான், குடுத்துவுடு."

"நான் எடுத்துட்டு வரட்டுங்களா?"

"நீ எதுக்கு? பொட்டி மட்டும் போதும்."

ஐஸ்வர்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். கொடுக்காதே என்று நான் சண்டை போட்டேன். அவன் கேட்கவில்லை. மச்சான் வந்தபோது பெட்டியைத் துடைத்து, பூட்டுகளை எப்படித் திறப்பது என்று காட்டி, தானே தூக்கி வண்டியில் வைத்தான். கீபோர்டு பூப்போட்ட பைக்குள் சுவரோரம் சாய்ந்திருந்தது.

போன வாரம் அரூருக்குக் கச்சேரி. வேனில் ஏறினேன். பூவரசன் உட்காரும் சன்னலோர சீட்டிலும் பக்கத்து சீட்டிலுமாக அந்தக் கறுப்புப் பெட்டி நீட்டிப் படுத்திருந்தது. கீழே தலையணை வேறு. டோலக் வாசிக்கிறவர் இடமில்லாமல் அதன் ஓரத்தில் ஒண்டப் பார்த்தார்.

"யோவ், அதும்மேல ஒக்காராத. உள்ள பொருள் இருக்குது" என்று பதறினான் கலைவாணன்.

"அன்னைக்கும் உள்ள பொருள்தான் இருந்துச்சு, கலைவாணா" என்றேன்.

கலைவாணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். டிரைவரிடம் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னான். எனக்குத் தொண்டை கரகரத்தது. வழக்கம்போல் இரண்டு தரம் செருமினேன்.