பதில் சொல்ல விட்ட இடம்

என் சித்தி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஈரமான படுக்கை விரிப்புகளை ஆவி இஸ்திரி மெஷினுக்குள் கொடுப்பதும், மறுபக்கம் வருவதை இழுத்து மடிப்பதும்தான் வேலை. இரண்டு கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள் உண்டு. பாட்டு என்றால் அவளுக்கு ஆகாது. வீட்டில் யாராவது சினிமாப் பாட்டு போட்டால்கூட, "தலைவலிக்குது, குறைங்கடி" என்பாள். அப்படிப்பட்டவள், ஒரு ஆல்பம் எந்த இசை வகையைச் சேர்ந்தது என்று முகம் தெரியாதவர்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றாள். சித்திக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகச் சொந்தக்காரர்களே பேசினார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவள் நான். பள்ளிக்கூடம் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னால் முடியும்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். கட்டி முடியாத உயரமான கட்டடங்களில் வேலை. அவர் வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கிவிடுவாள். அவளை நாங்கள் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவின் குரலைக் கேட்காமல் வாண்டு படுக்க மாட்டாள். அதனால் சித்தப்பா சாயங்கால டீ நேரத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஒரு பாட்டைப் பாடிப் போனில் அனுப்புவார். அந்தக் கட்டடம் முழுக்க டிரில்லிங் சத்தம். குழிக்குள்தான் கொஞ்சம் அமைதி. ஆனால் அங்கே பாடினால் குரல் மேலே போய்த் திரும்பி வந்து அடுத்த வரியோடு மோதும். அதனால் இழுத்து, மெதுவாகப் பாடுவார்.

பாட்டெல்லாம் அவரே கட்டியது. "தவளையோட செருப்பு எங்க? முதல் மாடியில பாரு" என்று பாடிவிட்டு நிறுத்துவார். வாண்டு போனைப் பார்த்து, "அங்க இல்ல!" என்று கத்த வேண்டும். அதற்காகவே அந்த இடைவெளி. பிறகு இரண்டாம் மாடி. மறுபடி நிறுத்தம். செருப்பு கிடைப்பதற்குள் அவளுக்குக் கண் சொக்கிவிடும்.

ஒருநாள் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்து காலை வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டும் இல்லை.

கூட வேலை பார்த்தவர் ஒருவர். எங்கள் வீட்டில் அவரைக் கூட்டாளி என்போம். காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து, "அண்ணி, அவன் பாட்டை நெட்ல போடலாமா? நாலு பேர் கேக்கட்டும்" என்றார். சித்தி சரி என்றாள். சித்தி போனில் அழியாமல் இருந்த எட்டுப் பாட்டையும் ஒரே ஆல்பமாகப் போட்டு, மேலே லிஃப்ட் குழியின் படத்தை வைத்து, "என் நண்பன் கடைசியாகப் பாடியவை" என்று எழுதினார். அவர் நினைத்தது நாலு பேரைத்தான். கேட்டதோ லட்சம் பேர்.

அப்புறம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியத் தளம் ஒன்றில் அந்த ஆல்பத்துக்குத் தனிப் பக்கம் வந்தது. அதில் 'வகை' என்ற இடத்தில் முதலில் 'டார்க் ஃபோக்', அதாவது இருண்ட நாட்டுப்புற இசை, என்றிருந்தது. 'ஊமைக்கிளி' என்ற பெயரில் எழுதுகிறவர் அதை எடுத்துவிட்டு, 'பிரியாவிடை இசை' என்று போட்டார். சாகப்போகிறவர் தெரிந்தே பாடிவிட்டுப் போவதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 'பழைய கேசட்' என்ற இன்னொருவர் அதைத் திரும்ப மாற்றினார். கீழே உரையாடல் பக்கத்தில் அடிதடி.

"அந்த மௌனங்களைக் கேட்டுமா சந்தேகம்? வாழ விருப்பமில்லாதவனின் மூச்சு அது" என்று எழுதினார் ஊமைக்கிளி.

"தவளைச் செருப்பைத் தேடுறவனா சாகப் போறான்? காதைக் கழுவிட்டு வாங்க சார்" என்றார் பழைய கேசட்.

"செருப்பு ஒரு குறியீடு. அதுகூடத் தெரியாமல் இங்கே எதற்கு வந்தீர்கள்?"

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வாண்டுதான் கொண்டுவந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "அம்மா, அப்பா தானாவே குதிச்சாரா?"

சித்தியின் கையில் கரண்டி இருந்தது. "யாருடி சொன்னது?"

"கிளாஸ்ல ஒருத்தி. அவ அண்ணன் போன்ல படிச்சானாம். நம்மள பிடிக்காமத்தான் போயிட்டாராம்."

அன்றைக்குச் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் படிக்கச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "அழி. குழந்தைப் பாட்டுன்னு போடு" என்றாள். போட்டேன். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பழையபடி மாறிவிட்டது. 'ஆதாரம் இல்லை' என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

"நான் பொண்டாட்டின்னு எழுதுடி."

எழுதினேன். "இந்த வாரத்தில் நீங்கள் மூன்றாவது மனைவி" என்று பதில் வந்தது. சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவி மனுஷன், எனக்குத் தெரியாம ரெண்டு பேரா" என்றவள், சிரித்த வாயோடு அழுதாள்.

கூட்டாளியைக் கூப்பிட்டோம். அவர் பெல்ட்டைப் பற்றி எழுதச் சொன்னார். "நானும் போடறதில்ல. யாருமே போடறதில்ல. கம்பியில மாட்டி இழுக்கும் அண்ணி, வேலை ஓடாது. அப்ப நாங்க எல்லாரும் சாகத்தான் தினமும் போறோமா?" அதையும் எழுதினேன். தளத்தின் நிர்வாகி ஒருவர் மரியாதையாகவே பதில் போட்டார்: உறவினர்கள் சொல்வதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, பத்திரிகையில் எங்காவது அச்சாகி வந்தால் மட்டும்தான் ஆதாரம். அவர்கள் வேலை செய்கிற முறை அது.

"அச்சுல வரணும், அவ்வளவுதானே?" என்றாள் சித்தி.

ஒரு வார இதழில் இசை பற்றி எழுதும் நிருபருக்கு நாங்களே செய்தி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டு, வாண்டுவுக்குக் கலர் பென்சில் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். டீ நேரம், டிரில்லிங் சத்தம், எதிரொலி, பெல்ட். போனை எடுத்து வைத்து, இடைவெளி வரும் இடமெல்லாம் அவளே "அங்க இல்ல" என்று சொல்லிக் காட்டினாள். சலவைக்கூடத்தில் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள் அன்றைக்குத் தொண்டை கட்டப் பேசினாள்.

கிளம்பும்போது நிருபர் கேட்டார்: "அவர் போனதுக்கு அப்புறம் இதக் கேக்கறப்போ உங்களுக்கு எப்படி இருக்கும்?"

சித்திக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒரே ஒரு தடவ தனியா இருந்து கேட்டேன்மா. சொல்லிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன்."

கட்டுரை வந்தது. தான் இரண்டு பக்கம் எழுதியதை ஆசிரியர் ஒரு பக்கமாகக் குறைத்துவிட்டதாக நிருபர் போனில் வருத்தப்பட்டார். 'சொல்லிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு' என்பதுதான் தலைப்பு. இடைவெளிகளைப் பற்றி ஒரே வரி: மகளுக்காகவே அவர் பாடினார் என்று மனைவி நம்புகிறார்.

அன்று மாலைக்குள் அந்தத் தளத்தில் சண்டை ஓய்ந்துவிட்டது. பழைய கேசட், "மனைவியே சொன்ன பிறகு நான் பேச என்ன இருக்கிறது? விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் கொஞ்சமாவது நின்றவர் அவர் ஒருவர்தான். இப்போது 'பிரியாவிடை இசை' என்பதன் தலையில் சின்னதாக ஒரு எண் இருக்கிறது. அதைத் தொட்டால் கீழே சித்தியின் வார்த்தைகளும் பத்திரிகையின் பெயரும் தேதியும் வருகின்றன. பக்கத்தை இனி யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்துவிட்டார்கள்.

நான் படித்துக் காட்டினேன். சித்தி கேட்டது ஒன்றுதான்: "நான் சொன்னதத்தான் போட்டிருக்காங்களா?"

"ஆமா சித்தி. நீங்க சொன்னதத்தான்."

தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எதையும் எழுதச் சொல்லவில்லை.

போன வாரம் வாண்டுவுக்குக் காய்ச்சல். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தாள். சித்தி போனை எடுத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு தவளைப் பாட்டைப் போட்டாள். சித்தப்பாவின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து ஏறி வந்தது. "முதல் மாடியில பாரு."

பாட்டு நின்றது. வாண்டு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுடி" என்றாள் சித்தி.

"இது சோகப் பாட்டும்மா. பேசக் கூடாது."

சித்தப்பா இரண்டாம் மாடிக்குப் போனார். மூன்றாம் மாடிக்குப் போனார். ஒவ்வொரு மாடியிலும் நின்று காத்துக்கொண்டிருந்தார். நாலாவதில் சித்தி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அங்க இல்ல" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வாண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் மாடி வருவதற்குள் சித்தி பாட்டை நிறுத்திவிட்டாள்.