பதினான்கு வயதுக்குட்பட்டோர்

ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து சிமென்ட் மைதானம். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கூடைப்பந்து அரையிறுதி. நான்தான் ரெஃபரி. எனக்குக் கோபக்காரி என்று பெயர். அன்றைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே கொதித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒரு பெண். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் மகள். என்னைவிட அரை அடி உயரம். பிறப்புச் சான்றிதழே போன வருடம்தான் வாங்கியிருந்தார்கள். எதிரணிக் கோச் என் காதருகே வந்து, "பதினேழுக்கு ஒரு நாள் கொறையாது மேடம். லேட்டா பதிஞ்ச சர்டிபிகேட்ட எவன் நம்புவான்?" என்றார். நான் அவரை நம்பினேன். பள்ளி நாட்களில் மாநில அணியில் என் இடத்தைப் பறித்தவள் வயதைக் குறைத்து ஆடியவள்தான். தன் கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு வருவாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தாள்கள் சரியாக இருக்கின்றன என்று டேபிளில் இருந்த போட்டி அதிகாரிகள் அவளை ஆட விட்டார்கள். அடுத்த வாரம் அவளுக்கு விளையாட்டு விடுதித் தேர்வு. கிடைத்தால் சாப்பாடும் படிப்பும் இலவசம் என்று அவள் அம்மா பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரணிப் பிள்ளைகள் அடிக்கத்தான் இறங்கினார்கள். முதல் முழங்கை அவள் விலாவில் விழுந்தது. பார்த்தேன், விசில் ஊதவில்லை. அடுத்தது உதட்டில். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். ரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நல்லா வாங்கட்டும் என்று விட்டேன். கூட இருந்த ரெஃபரி புதியவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் ஊதவில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் பந்தோடு எம்பியவளை இரண்டு பேர் காலை வாரிவிட்டார்கள். வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அப்போதும் என் புத்தி போகவில்லை. "பதினேழு வயசு இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சான்ஸே இல்ல. இந்தக் கோட்டைப் பாருங்க, எலும்பு வளர்ற இடம். இன்னும் மூடவே இல்ல. பதிமூணு இருந்தா அதிகம். அந்த இடத்துலதான் ஒடிஞ்சிருக்கு. கை நேரா வளருமான்னு இப்போ சொல்ல முடியாது."

படுத்திருந்தவள் வீங்கிய உதட்டோடு கேட்டாள். "மிஸ், அது ஃபவுல்தான?"

"ஃபவுல்தான்."

"மொதல்ல இடிச்சாளுங்களே, அது?"

"எல்லாமே ஃபவுல்தான்மா."

கட்டிலருகே நின்றிருந்த அவள் அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்போ வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த? ஊதறதுக்கு இன்னா?"

"பதினேழு வயசுன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

"பதினேழுன்னா அடிச்சி ஒடிக்கலாமா?"

கன்னத்தில் அறை விழுந்தது. காது அடைத்துப் போயிற்று. இன்னொன்று விழுந்தால் தேவலை என்று அப்படியே நின்றேன். அந்த அம்மா மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.