ஈரல் கொழுப்பும் வாய்க்கொழுப்பும்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், காலை இடைவேளைக்கு என்னோடு வேலை செய்யும் மோனிகா தினமும் ஒரே பொருளைத்தான் பிரித்து வைப்பாள். பன்றி ஈரலை அரைத்துக் கூழாக்கிக் குழாயில் அடைத்தது. அதை ரொட்டியில் தடவி, வெள்ளரித் துண்டு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். நம்ம ஊரில் ஈரல் என்றால் மிளகு போட்டு வறுக்க வேண்டும், சட்டி மணக்க வேண்டும். இங்கே ஜாம் தடவுகிற மாதிரி தடவுகிறார்கள். வந்த புதிதில் சிரிப்பு வந்தது, அப்புறம் பழகிவிட்டது. போன வருஷம் டாக்டரம்மா என் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்திவிட்டு, உன் ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று சொன்னார். அன்றிலிருந்து மோனிகாவின் ரொட்டியைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

நான் டாக்டரிடம் போனது ஈரலுக்காக அல்ல. நெஞ்சு தப்பித் தப்பி அடித்தது. மாடிப்படி ஏறினால் தொண்டைக்குள் கோழிக்குஞ்சு துடிப்பது போல இருக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிக்கின்றன என்றார். பிறகு ஸ்கேன். அதற்குப் பிறகு கேட்டாரே ஒரு கேள்வி! “குடிப்பீர்களா?”

என் ஜெர்மன் மொழி முதியோர் இல்லத்தில் கற்றது. அங்கே குடிப்பது என்றால் தண்ணீர் குடிப்பதுதான். பாட்டிமார் தாத்தாமார் போதுமான அளவு குடித்தார்களா என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், “தினமும் குடிப்பேன். எழுந்ததும் முதல் வேலை அதுதான்.” எவ்வளவு என்றார். “இரண்டு லிட்டர் இருக்கும். வெயில் நாளில் இன்னும் கூட.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேலை நேரத்திலுமா?” “வேலை நேரத்தில்தான் அதிகம். எல்லாரும் சேர்ந்து குடிப்போம்.” இதை விட்டுவிட வேண்டும், உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அடப்பாவி! ஒரு சொட்டு தொடாத என்னை மொடாக்குடிகாரி ஆக்கிவிட்டார்களே! “தண்ணீர்! தண்ணீர்!” என்று கத்தினேன். அவர் சிரித்தார், மன்னிப்பும் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். எங்கள் வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூர்ப் பக்கம். எங்கள் அப்பா சாராயம் குடித்தே போனவர். கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தார். ஈரல் கெட்டுப்போச்சு என்று ஊரே சொன்னது. அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். அண்ணன் ஏழுமலை அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தான். பேர் சொல்லி அவனைக் கூப்பிட்டவர்கள் குறைவு, குடிகாரன் மவனே என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் சண்டைக்குப் போகவில்லை. கல்யாண வீட்டில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான். குடிகாரன் மகன் குடிக்காமல் இருப்பான் என்று ஊருக்குக் காட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டான்.

இந்தக் கோடையில் லீவில் போயிருந்தேன். அண்ணன் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். மலைமேலிருந்து பலாப்பழமும் சாமையும் ஏற்றிக்கொண்டு வந்து ஒடுகத்தூர்ச் சந்தையில் இறக்குவான். ஒரு நாள் நானும் உடன் போனேன். பழம் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினான். முகமெல்லாம் வேர்வை.

“இன்னாண்ணா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. பிரேக்கு சூடு ஆறட்டும்.”

பிரேக் சூடாவது எனக்குத் தெரியும், மனுஷன் வெளிறிப் போவதும் தெரியும். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒன்று வந்தது, இரண்டு சேர்ந்து வந்தது, பிறகு காணோம். என் நாடி எப்படி இருந்ததோ அதே கூத்து. அவன் கையை உருவிக்கொண்டான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான்: வயிறு உப்புசமாக இருக்கிறது என்று திருப்பத்தூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தானாம். பக்கத்து ஊரில் எடுத்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அத்தனை தூரம். “ஈரல்ல கொழுப்பு கீதாம். நெஞ்சு துடிக்கிறத நான் சொல்லவே இல்ல. திரும்பியும் போவல. ந்தா செல்வி, வூட்ல யார்கிட்டயும் சொல்லிடாத. அப்பன் மாதிரியே புள்ளையும்னுவானுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னால் ஒரு வண்டிப் பழம், மற்ற நாளில் மேலே ஏறி உட்கார்ந்து வருகிற சந்தைக்காரப் பெண்கள், கீழே பள்ளம். நடுவில் இவன் மானம்! ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது மயங்கினால் என்ன ஆகும்? மாரடைப்பு மாதிரி இது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழச் சொல்லாது. இதய அறைக்குள் ரத்தம் சரியாக ஓடாமல் தேங்கி, கட்டி கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். எங்கள் டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அங்கேயே அவனுக்குச் சொன்னேன். குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தொப்பை, உட்கார்ந்தே செய்கிற வேலை என்று காரணம் பல. ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கு இதயம் தாளம் தவறுவது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. எல்லாருக்கும் வரும் என்றில்லை, எது எதைக் கெடுக்கிறது என்றும் இன்னும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்றையும் பார்க்கத்தான் வேண்டும். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ சொல்ற, ஊரு கேக்குமா?” என்றான்.

வண்டியை மெல்ல உருட்டி இறக்கியபோது, அந்த ஊர் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் டீ வேண்டாம் என்று தள்ளாடி நிற்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் கோவிந்து மாமா, அதாவது அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, இளைச்சுப் பூட்ட. அந்தூர்ல குளிருக்குப் பொம்பளைங்களும் ஊத்திக்குவாங்களாமே? நெஜமா?”

கடை முழுக்கச் சிரித்தது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்று சொல்கிற கூட்டம் இது. வழக்கமாக இருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குனிந்த தலைதான் என்னைக் கிளப்பியது.

“அவங்க ஊத்திக்கிறாங்களோ இல்லியோ மாமா, நான் தொட்டது கெடையாது. ஆனா எனக்கு ஈரல்ல கொழுப்பு கீது. நெஞ்சும் தப்பி அடிக்குது. மாத்திரை சாப்பிடுறேன். ஈரல் கெட்டவன்லாம் குடிகாரன்னு யாராவது சொன்னா இப்பவே என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “இன்னா பேச்சு பேசுது பாரு! வெளிநாடு போய்ட்டு வந்து உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியா பூடுச்சி.”

“ஆமா மாமா. ஸ்கேன்லயே வந்துச்சு.”

அண்ணன் சிரித்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இருமினான், மாமாவுக்கு முன்னால் போய் நின்றான். “எனக்கும் வந்துச்சு மாமா. நானும் குடிக்கல. ஊருக்கே சொல்லிக்கோ.” வண்டிச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து, பழத்தை வேறு ஆளை வைத்துச் சந்தைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, என்னோடு நடந்தான். திருப்பத்தூருக்கு அல்ல, ஒடுகத்தூருக்கே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தெரிந்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கிளினிக்குக்கு. எல்லாரும் பார்க்கட்டும் என்றான். ஈசிஜி பார்த்த டாக்டர் உடனே வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். குடிப்பீங்களா என்று அவரும் கேட்டார். அண்ணன் குரலைத் தாழ்த்தாமல் சொன்னான், “எங்கப்பா குடிச்சாருங்க. நான் இல்ல. வைத்தியம் பாருங்க.”

நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன், இங்கே இருக்கிறவர்களுக்கும் அங்கே இருக்கிறவர்களுக்கும். வெட்கப்பட்டுச் சாகாதீர்கள். இரண்டு வேளை சோறும், ஷிப்டுக்கு நடுவில் பன்னும் ஜூஸுமாக உடம்பைக் கெடுத்துக்கொண்டோம், சரி. அதைச் சொல்ல எதற்குத் தலையைக் குனிய வேண்டும்? கேட்கிறவன் கேட்கட்டும். ஊர் வாய்க்குப் பயந்து ஒருவன் மலைப்பாதையில் விழுந்தால், ஊர் மாலை வாங்கிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

வேலூர் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வேறு ஆள் ஓட்டுகிறான், இவன் டீக்கடையில் உட்கார்ந்து பழக்கணக்கு பார்க்கிறான். அவனுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எனக்கும் அதேதான். அங்கே பொழுது சாயும்போது நான் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருப்பேன். அப்போதுதான் கூப்பிடுவான். மலையடிவாரத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் கத்திக்கொண்டேதான் பேசுவான். ஸ்பீக்கர் வேறு.

“இன்னா செல்வி, போட்டியா?”

நம்ம ஊரில் சாயங்காலம் ஒருவரைப் பார்த்துப் போட்டியா என்று கேட்டால் அது மாத்திரையைப் பற்றி அல்ல என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கடையில் எல்லாரும் சிரிப்பது எனக்கே கேட்கும். மெதுவாகப் பேசேன் என்றால், கேக்கட்டும் வுடு என்பான். எதிர் சீட்டில் இருக்கும் ஜெர்மன் அம்மா, பஸ்ஸில் சத்தம் போடுகிறேன் என்று முறைக்கிறார். இந்த பஸ்ஸில் நாங்கள் பேசுவது ஒருவருக்கும் புரியாது, அந்தக் கடையில் எல்லாருக்கும் தப்பாகப் புரியும். நான் குரலைக் குறைப்பதில்லை.

“போட்டேண்ணா! நீ போட்டியா?”