நீலம் ஏறிய பலகை

என் அலமாரியின் மேல்தட்டில், யார் கையும் எட்டாத இடத்தில், ஒரு பலகைத் துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் ஆமை வீட்டின் தரை அது. மயில்துத்தத்தின் நீலம் அதன் ஓரத்தில் இன்னும் போகவில்லை. பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மதினிதான் நினைவுக்கு வருவார்.

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டம் போயிருந்தபோது வேலியோரம் கிடைத்த நிலத்து ஆமை ஒன்றை நாலு வயது மகளுக்காகக் கொண்டுவந்தேன். அது வாசற்படி தாண்டக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எனவே பழைய பெட்டிப் பலகைகளை அறுத்து, கொல்லையில் அதற்கொரு வீடு செய்தேன். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் மரத்துக்கு எதையாவது பூசியாக வேண்டும். தார் பூசினால் உருகி ஆமையின் காலில் ஒட்டும். பெயிண்டில் ஈயம் இருப்பதாகப் படித்திருந்தேன். ஆமையோ ஓரங்களைக் கொறிக்கும். தேங்காயெண்ணெய்க்கு எறும்பு வரும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் பழகிய பொருளை நம்பினேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மைதாப் பசையைப் பூச்சி தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். பூச்சி வராதென்றால் கரையானும் வராது. ஊரே தொட்டுப் புழங்குவதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது? மதினியிடம் போய் ஒரு கிண்ணம் நிறையக் கேட்டேன்.

"பசைக்கு ஒரு சிட்டிகைதான் போடுவோம். இம்புட்டு எதுக்குக் கொழுந்தனாரே?" என்றார் மதினி.

"மரம் நல்லாக் குடிக்கணும்ல மதினி."

"பிள்ளை வெளையாடுற எடம். பாத்துக்கோங்க." தயங்கித்தான் கொடுத்தார்.

கரைத்து மூன்று கை பூசினேன். அதன்பிறகு ஆமை உள்ளே போகவே இல்லை. மதினி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன, உங்க ஆமை வெளியவே கெடக்கு?" என்று கேட்டார்.

"பால் காய்ச்சாமக் குடிவச்சுட்டேன். அதான் கோவம்."

"சிரிக்காதீக. அதுக்கு என்னமோ ஒத்துக்கல. என்னன்னு பாருங்க."

நான் பார்க்கவில்லை.

மறுநாள் தூறலில் பலகை நனைந்திருந்தது. ஆமையை உள்ளே வரவழைக்க மகள் அந்த ஈரப் பலகைமேல் வெள்ளரிப் பிஞ்சுத் துண்டுகளைப் பரப்பியிருக்கிறாள். ஆமை வராமல் போகவே அவளே எடுத்துத் தின்றுவிட்டாள். சற்று நேரத்தில் வாந்தி. நான் அஜீரணம் என்று ஓமம் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்த மதினி, வாந்தியில் கலந்திருந்த நீலத்தைப் பார்த்து, "ஐயையோ, இது துத்தம்ல!" என்று கத்தினார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். நான் பின்னால் ஓடினேன்.

"துத்தம் எப்படி வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்க" என்றேன்.

மதினி கதவோரம் நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் மகள் கஞ்சி கேட்டாள். வீடு திரும்பிய அன்று மதினி ஒரு மெழுகுக் கட்டியோடு வந்தார். தீப்பெட்டி ஆபீசில் மருந்து வைக்கும் முன்பு குச்சிகளை முக்கும் மெழுகு. "இதுல மருந்து கெடையாது, பயப்படாதீக. பழைய பலகை ஒண்ணும் வேண்டாம். புதுசுல, வெளிப்பக்கம் மட்டும் இதை உருக்கித் தேயுங்க. உள்ள ஒண்ணும் பூசாம மண்ணைப் போடுங்க. கரையானுக்கு அடியில நாலு செங்கல் போதும்." ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் மெழுகை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அடுத்த வருஷம் அவர்கள் காரியாபட்டிக்குக் குடிபோய்விட்டார்கள்.

பத்து வருஷம் ஆகப்போகிறது. ஆமை அதே மெழுகு வீட்டில் இருக்கிறது. மகள் ஒருமுறை ஓங்கரித்தால்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன், அவள் சிரிக்கிறாள். போன வாரம் நாற்காலி போட்டு ஏறி, அலமாரியிலிருந்து அந்தப் பலகையை எடுத்துப் பிரித்துவிட்டாள்.

"இது என்னப்பா நீலமா?"

"மயில்துத்தம்."

"யாரு குடுத்தா?"

"நான்தான் கேட்டு வாங்குனேன்" என்றேன்.

அவள் பலகையைக் கீழே வைத்தாள்.

"போய்க் கையைக் கழுவும்மா."